காற்றை அளந்த மேதை பால் பெர்ட்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. உணவுக்கும் மருந்துக்கும் இது பொருந்தும் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் நாம் நொடிதோறும் உள்ளே இழுக்கும் பிராணவாயுவுக்கும் இது பொருந்தும் என்றால் நம்பச் சற்றுத் தயக்கமாகவே இருக்கும். அது குறைந்தால் உயிர் போகும் என்பது குழந்தைக்கும் தெரியும். மிகுந்தாலும் உயிர் போகும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியவர் பிரெஞ்சு நாட்டு உடலியங்கியல் அறிஞர் பால் பெர்ட் ஆவார். அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவரை நான் தேடிச் சென்ற கதை

என் தந்தையார் நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். சென்ற ஆண்டு ஒரு லாரி டயரைக் கழற்றியபோது அதிலிருந்த கம்பித் துண்டு அவருடைய செருப்பைத் துளைத்து வலது பாதத்தில் ஏறிவிட்டது. சர்க்கரை நோய் இருந்தமையால் அவருக்கு வலி தெரியவில்லை. வலி தெரியாமையால் கவனிக்கவும் இல்லை. மூன்று மாதமாகியும் புண் ஆறவில்லை. வாரம் இருமுறை அவரை நகரத்து மருத்துவமனைக்குக் கட்டுக் கட்ட அழைத்துச் செல்வது என் பொறுப்பாயிற்று.

ஒரு நாள் வரிசையில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். பெரிய நகரங்களில் பிராணவாயுவை அழுத்தத்துடன் கொடுக்கும் அறை ஒன்று உண்டு என்றும், அதில் சில நாள் இருந்து வந்தால் ஆறாத புண்ணும் ஆறிவிடும் என்றும் அவர் சொன்னார். அன்று மாலையே அம்மா தம் தோட்டைக் கழற்றி வைத்தார். மாமா வட்டிக்குப் பணம் கேட்டு வருவதாகக் கிளம்பினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அந்த அறையில் பலன் உண்டா, கடன் வாங்கலாமா என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் நம் கல்லூரி நூலகத்தில் உடலியங்கியல் நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். பிராணவாயு, அழுத்தம் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்த இடத்திலெல்லாம் பெர்ட் என்ற பெயரும் வந்தது.

இளமையும் கல்வியும்

பால் பெர்ட் 1833-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள், பிரான்சில் யோன் ஆற்றங்கரையில் உள்ள ஒசேர் நகரில் பிறந்தார். பொறியாளராக விரும்பிப் பாரிசில் பாலிடெக்னிக் கல்லூரிக்குச் சென்றார். அது மனத்துக்கு ஒட்டவில்லை. பிறகு சட்டம் பயின்றார். அதுவும் அவரைக் கட்டிப்போடவில்லை. கிராசியோலே என்ற விலங்கியல் அறிஞரின் தொடர்பு கிடைத்த பின்னரே தம் வழி எது என்று கண்டுகொண்டார். அக்காலத்தில் உடலியங்கியலின் தலைமகனாக விளங்கிய கிளாட் பெர்னார்டின் மாணவரானார். 1863-இல் மருத்துவத்திலும் 1866-இல் அறிவியலிலும் முனைவர் பட்டம் பெற்றார். 1866-இல் போர்தோ நகரிலும், 1869-இல் பாரிசின் சொர்போன் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். முதலில் எடுத்த பாடம் பிடிக்கவில்லையே என்று வருந்தும் நண்பர்களுக்கு அவருடைய இளமை ஆறுதல் தரும்.

எலியின் வால்

அவருடைய முதல் ஆராய்ச்சி, ஓர் உயிரின் தசையை இன்னோர் இடத்தில் ஒட்டவைப்பது பற்றியது. இரண்டு எலிகளின் விலாப்புறத் தோலைக் கீறி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார். சில நாட்களில் காயம் ஆறி இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒன்றின் உடலில் செலுத்திய மருந்து மற்றதன் உடலுக்கும் சென்று சேர்ந்தது. பின்னர் ஓர் எலியின் வால் நுனியைத் தோலுரித்து அதன் முதுகுத் தோலுக்கு அடியில் செருகித் தைத்தார். அது அங்கே வேர் பிடித்த பின் வாலின் அடிப்பகுதியை வெட்டிவிட்டார். தலைகீழாக நின்ற அந்த வால் உயிரோடு இருந்தது. நாளடைவில் அதற்கு உணர்ச்சியும் திரும்பியது.

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி ஆழமானது. உடலிலிருந்து பிரிந்த தசை எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும்? எந்த நிலையில் அது மீண்டும் ஒட்டும்? எது இல்லாமற் போனால் அது அழுகும்? ஆறாத புண்ணைப் பார்க்கும் மருத்துவர் இன்றும் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவையே அன்றோ!

நம் வயல் வரப்புகளிலும் காணும் தொட்டாற்சுருங்கியின் அசைவையும், பச்சோந்தி நிறம் மாறும் காரணத்தையும்கூட அவர் ஆராய்ந்திருக்கிறார். விலங்கியல், தாவரவியல் என்று சுவர் எழுப்பிக்கொண்டு படிக்கும் நமக்கு இது வியப்பைத் தருகிறது.

எஃகு அறைக்குள்

பெர்ட்டின் பெயரை நிலைநிறுத்தியது காற்றழுத்த ஆராய்ச்சியே. மெக்சிகோவின் உயர்ந்த பீடபூமியில் மருத்துவம் பார்த்துத் திரும்பிய ஜூர்தானே என்பவர், உயரமான இடங்களில் மனிதர் சோர்ந்துபோவதைக் கண்டு அதன் காரணத்தை அறிய விரும்பினார். அவர் தந்த பொருளுதவியால் பெர்ட் தம் ஆய்வுக்கூடத்தில் பெரிய உலோக அறைகளை அமைத்தார். உள்ளேயிருக்கும் காற்றை வெளியே இழுத்து மலையுச்சியின் நிலையை உண்டாக்கலாம்; காற்றைத் திணித்துக் கடலடியின் நிலையையும் உண்டாக்கலாம்.

மலையேறுபவருக்கு மயக்கம் வருவது ஏன் என்பதற்கு அதுவரை பலர் பல காரணங்கள் கூறிவந்தனர். அழுத்தம் குறைவதால் உடலின் பாகங்கள் தளர்ந்துவிடுகின்றன என்றும் சிலர் கருதினர். பெர்ட் சிட்டுக்குருவிகளையும் நாய்களையும் அறைக்குள் வைத்து, அழுத்தத்தையும் பிராணவாயுவின் விகிதத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். முடிவு தெளிவாகக் கிடைத்தது. காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. கடல் மட்டத்திலும் அதே 21 பங்கு. மலையுச்சியிலும் அதே 21 பங்கு. ஆனால் கடல் மட்டத்தில் மொத்தக் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் பிராணவாயுவின் பங்கு சுமார் 160 மில்லிமீட்டர். உயரே செல்லச் செல்ல இந்தப் பங்கு அழுத்தம் குறைகிறது. உடல் கணக்கில் எடுத்துக்கொள்வது இந்தப் பங்கு அழுத்தத்தையே. விகிதத்தையும் அன்று, மொத்த அழுத்தத்தையும் அன்று.

இதை மெய்ப்பிக்கத் தாமே அறைக்குள் சென்று அமர்ந்தார். காற்று குறையக் குறைய நாடி வேகமெடுத்தது, தலை சுற்றியது. பிராணவாயுவை முகர்ந்ததும் தெளிவு திரும்பியது. இந்த ஆராய்ச்சிக்காக 1875-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவருக்கு 20,000 பிராங்குப் பரிசு வழங்கியது. 1878-இல் காற்றழுத்தம் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வானூர்தி ஓட்டிகளின் பாதுகாப்புக்கு இந்த அறிவு தேவைப்பட்டமையால், 65 ஆண்டுகள் கழித்து 1943-இல் அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது.

ஜெனித் பலூன்

பரிசு பெற்ற அதே 1875-ஆம் ஆண்டிலேயே ஒரு துயரமும் நிகழ்ந்தது. ஸிவெல், க்ரோஸே-ஸ்பினெல்லி, திஸாந்தியே என்ற மூவர் ஏப்ரல் 15-ஆம் நாள் ஜெனித் என்ற பலூனில் ஏறி 8,000 மீட்டருக்கு மேல் சென்றனர். முதல் இருவரும் முந்திய ஆண்டில் பெர்ட்டின் அறையில் அமர்ந்து பிராணவாயுவின் பயனை நேரில் கண்டவர்கள். பலூனில் பிராணவாயுப் பைகளும் இருந்தன. அளவு போதாது என்று வெளியூரில் இருந்த பெர்ட் எச்சரித்துக் கடிதம் எழுதினார். ஆனால் அதைக் கொண்டு ஏற்பாட்டைத் திருத்திக்கொள்ளக் காலம் இல்லை. உயரே சென்றதும் கைகள் செயலிழந்தன. தலைக்கு மேல் தொங்கிய பையின் குழாயை எட்டிப் பிடிக்கவும் இயலவில்லை. ஸிவெலும் க்ரோஸே-ஸ்பினெல்லியும் மாண்டனர். திஸாந்தியே செவித்திறன் இழந்து உயிர் தப்பினார். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் போதாது. உரிய அளவில், உரிய நேரத்தில் அது உள்ளே போகவேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

அமிர்தம் நஞ்சான விதம்

குறைவின் தீமையைக் கண்ட பெர்ட், மிகுதியின் விளைவையும் சோதித்தார். அழுத்தமேற்றிய பிராணவாயுவில் வைத்த பறவைகளுக்கும் நாய்களுக்கும் கை கால் இழுத்து வலிப்பு வந்தது, பல இறந்தன. பூச்சிகளும் மடிந்தன, விதைகளின் முளைப்பும் தடைப்பட்டது. மிகுந்த அழுத்தத்தில் பிராணவாயு மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்குவதற்கு இன்றும் பால் பெர்ட் விளைவு என்றே பெயர். மற்றொன்றையும் அவர் கண்டார். அழுத்தமேற்றிய பிராணவாயுவில் வைத்த இறைச்சி அழுகவில்லை. அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்களால் அதில் பெருக முடியவில்லை.

பாலங்களுக்கு அடித்தளம் அமைக்க ஆற்றுக்கடியில் காற்றழுத்தப் பெட்டிகளில் இறங்கி வேலை செய்த தொழிலாளர்கள், மேலே வந்ததும் மூட்டுவலியால் துடிப்பதும் முடமாவதும் அக்காலத்தில் வழக்கம். அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம் கட்டியபோது இவ்வாறு பதின்மருக்கு மேல் இறந்தனர். கோலி சோடாவைத் திறந்ததும் குமிழிகள் பொங்குவதைப் போல, அழுத்தம் சட்டென்று குறையும்போது இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிப்படுவதே காரணம் என்று பெர்ட் நிறுவினார். மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைக்கவேண்டும் என்று வழியும் சொன்னார். நன்மை பெற்றவர்கள் மண் சுமந்த கூலித் தொழிலாளர்கள் என்பதை எண்ணும்போது என் மனம் நெகிழ்கிறது.

அவர் தவறாதவர் அல்லர். அடைப்பான் நோயால் இறந்த விலங்கின் இரத்தத்தை அழுத்தப் பிராணவாயுவில் வைத்தும் அதன் நச்சுத்தன்மை போகவில்லை. ஆகவே நோய்க்குக் காரணம் உயிருள்ள கிருமி அன்று என்று 1877-இல் வாதிட்டார். அக்கிருமி விதை போன்ற ஸ்போர்களாக மாறி எதையும் தாங்கும் என்பதை பாஸ்டர் அவருக்குக் காட்டினார். பெர்ட் தம் பிழையை அறிஞர் அவையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஏழைக்கும் பள்ளி

பெர்ட் பிரெஞ்சு நாட்டு மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கல்வி எல்லாக் குடிமக்களுக்கும் எட்டவேண்டும், அது சமயப் பிரிவுகளின் பிடியிலிருந்து விடுபடவேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் அமையவேண்டும் என்னும் 1879-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஜூல் ஃபெரி கொண்டுவந்த இலவசக் கல்வி, கட்டாயக் கல்விச் சட்டங்களுக்காகவும் மன்றத்தில் போராடினார். 1881 நவம்பரில் காம்பெட்டாவின் அமைச்சரவையில் கல்வி அமைச்சரானார். அந்த அமைச்சரவை மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. பள்ளிச் சிறுவர்களுக்காக அவர் எழுதிய எளிய அறிவியல் நூல்கள் இலட்சக்கணக்கில் பரவின.

ஹனோயில் முடிவு

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைப்பது முறையன்று. அதே பாடநூல்களில் அவர் மனித இனங்களை உயர்ந்தது தாழ்ந்தது என்று வரிசைப்படுத்தி எழுதினார். 1886-இல் அன்னாம், டோங்கின் பகுதிகளுக்குப் பிரெஞ்சு அரசின் தலைமைப் பேராளராக, அதாவது அயலவர் நாட்டை ஆள்பவராக, கப்பலேறினார். அந்நாடுகள் இன்றைய வியட்நாமைச் சேர்ந்தவை. தன் நாட்டு ஏழைச் சிறுவனுக்குச் சமநீதி கேட்டவர், பிற நாட்டான் தன்னைத் தானே ஆளும் உரிமையை எண்ணிப் பார்க்கவில்லை. காற்றின் அழுத்தத்தை அவ்வளவு நுட்பமாக அளந்தவருக்கு, ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது சுமத்தும் அழுத்தம் தெரியவில்லை. அங்கே சென்ற சில மாதங்களில் குடல் நோய் கண்டு, 1886 நவம்பர் 11-ஆம் நாள் ஹனோயில் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. ஒசேர் நகரில் யோன் ஆற்றின் மீதுள்ள ஒரு பாலம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. அறிஞரைப் போற்றுவோம், அவருடைய அறிவை ஏற்போம், குறையையும் குறை என்றே சொல்வோம். அறிவியல் மாணவருக்கு அதுவே அழகு.

புண்ணும் பிராணவாயுவும்

தசை ஒட்டும் விதத்தையும் பிராணவாயுவின் அழுத்தத்தையும் பெர்ட் தனித்தனியே ஆராய்ந்தார். இரண்டையும் இணைத்துப் புண்ணாற்றும் முறையை அவர் உருவாக்கவில்லை. அந்த இணைப்புக்கு மேலும் எழுபது, எண்பது ஆண்டுகள் ஆயின.

100 மில்லிலிட்டர் இரத்தம் சுமார் 20 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கிறது. ஏறக்குறைய முழுவதையும் சுமப்பது ஹீமோகுளோபினே. நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது வெறும் 0.3 மில்லிலிட்டர். மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய பிராணவாயுவைச் சுவாசித்தால் கரைந்திருப்பது 6 மில்லிலிட்டர் அளவுக்கு உயர்கிறது. ஓய்வாக இருக்கும் உடலின் தேவைக்கு அதுவே ஏறத்தாழ போதும். ஆம்ஸ்டர்டாம் நகரின் அறுவை மருத்துவர் பூரெமா, ஹீமோகுளோபின் ஏறக்குறைய அறவே நீக்கப்பட்ட பன்றிகளை இவ்வாறு உயிரோடு வைத்திருந்து 1960-இல் உலகை வியக்கச் செய்தார். அவருடன் பணியாற்றிய பிரமெல்காம்ப், பிராணவாயுவைக் கண்டால் ஒடுங்கும் கிருமிகளால் தசை அழுகும் கொடிய நோய்க்கு இம்முறையைப் பயன்படுத்தி 1961-இல் வெளியிட்டார். பெர்ட் இறைச்சித் துண்டில் கண்டது மனித உடலில் மருந்தாயிற்று.

புண் ஆறுவதற்குப் பிராணவாயு ஏன் வேண்டும்? முதலாவது, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் அவற்றைக் கொல்லும் வேதிப்பொருளைப் பிராணவாயுவிலிருந்தே உண்டாக்குகின்றன. இரண்டாவது, காயத்தை இழுத்துக் கட்டும் கொல்லாஜன் என்ற நார்ப்புரதம் முறுக்கேறி உறுதி பெறப் பிராணவாயு இன்றியமையாதது. மூன்றாவது, அழுத்தப் பிராணவாயு கிடைக்கும்போது புண்ணைச் சுற்றிலும் புதிய தந்துகிகள் முளைப்பது தூண்டப்படுகிறது. அதனுடன் இரத்தக் குழாய்கள் சற்றே சுருங்கி வீக்கமும் தணிகிறது. குழாய் சுருங்கினாலும் இரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருப்பதால் தசைக்குக் குறைவு ஏற்படுவதில்லை.

வழக்கமாக 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்தில், ஒரு முறைக்கு 90 முதல் 120 நிமிடம், மொத்தம் 20 முதல் 40 முறை இச்சிகிச்சை தரப்படுகிறது. இடையிடையே சில நிமிடம் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க விடுவதும் உண்டு. பெர்ட் கண்ட வலிப்பு வராமல் காப்பதற்கே அந்த இடைவேளை. காது அடைத்து வலிப்பதும் சிறிது காலம் பார்வை மங்குவதும் இதன் பக்கவிளைவுகள். பிராணவாயு நிறைந்த அறையில் தீப்பொறி பெருந்தீயாகும் என்பதால் கட்டுக்காவல் மிகுதி.

ஆயினும் இது எல்லாப் புண்ணையும் ஆற்றும் மந்திரம் அன்று. சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணில் பலன் கண்டதாக 2010-இல் ஸ்வீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. காலை நீக்கும் தேவை இதனால் குறையவில்லை என்று 2016-இல் கனடாவிலிருந்து மற்றோர் ஆய்வு வந்தது. பெரிய இரத்தக் குழாய் அடைபட்டிருந்தால் முதலில் அடைப்பை நீக்கவேண்டும். செத்த தசையை அகற்றவேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவேண்டும். புண் மீது உடல் எடை விழாமல் காக்கவேண்டும். இவையெல்லாம் செய்த பிறகே அறையைப் பற்றிப் பேசவேண்டும்.

அப்பா சொன்ன விளக்கம்

படித்தவற்றைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு, காலின் இரத்த ஓட்டத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்தார். பெரிய குழாய்களில் அடைப்பு இல்லை. சுண்டுவிரல் மட்டும் கருத்துப் போயிருந்தது. அதை எடுக்க நேர்ந்தது. சர்க்கரைக்கு ஊசி மருந்து தொடங்கினார்கள். புண்ணிருந்த காலைத் தரையில் ஊன்றாதிருக்க ஊன்றுகோல் கொடுத்தார்கள். ஐந்தாம் மாதம் புண் மூடியது. அழுத்த அறை எங்களுக்குத் தேவைப்படவில்லை. கடனும் வாங்கவில்லை, அம்மாவின் தோடு மீண்டும் காதுக்குப் போயிற்று.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் அப்பாவுக்குப் பெர்ட்டின் கதையைச் சொன்னேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். பங்கு அழுத்தத்தை எப்படிப் புரியவைப்பது என்று நான் திகைத்துக்கொண்டிருக்கையில் அவரே சிரித்துக்கொண்டு விளக்கினார். சைக்கிளுக்கு ஓர் அளவு, காருக்கு ஓர் அளவு, லாரிக்கு ஓர் அளவு என்று ஒவ்வொரு டயருக்கும் இத்தனை பவுண்டு காற்று என்ற கணக்கு உண்டாம். குறைந்தால் டியூப் நசுங்கிக் கிழியும், கூடினால் வெடிக்கும், மீட்டரைப் பார்க்காமல் அடிப்பவன் தொழிலாளியே அல்லனாம். பாரிசில் ஒரு பேராசிரியர் உலோக அறை கட்டிக் கண்ட உண்மையின் ஒரு பாதி, முப்பது ஆண்டுகளாக என் தந்தையின் கைகளில் இருந்திருக்கிறது. மறுபாதியைப் படிக்க அவருக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று. எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

நண்பர்களே, நம்மில் பலர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்களே. நாளை நம் வீட்டார் நோயால் வருந்தி, கடன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கும்போது, ஆம் என்றோ இல்லை என்றோ அளந்து சொல்லும் அறிவை இந்த மூன்றாண்டுகளில் நாம் பெறவேண்டும். கற்போம், அளவறிந்து பயன்படுத்துவோம்!